நன்னடத்தையும் புனர்வாழ்வும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு பார்வை

நமது பத்திரிகைகளில் இடம்மாறிப் புழங்கும் சொற்கள் பல. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: பிணை, பரோல், நன்னடத்தை. விளக்கம் முடியுமுன் நீதிமன்றம் ஒருவரை வெளியே விடுவது பிணை. குற்றம் நிரூபிக்கப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஓர் உத்தியோகத்தரின் மேற்பார்வையில் ஊரிலேயே வாழவிடுவது நன்னடத்தை. சிறைக்குச் சென்றவரைத் தண்டனைக் காலம் நிறைவடையுமுன் நிபந்தனையோடு வெளியே விடுவது பரோல்.

தமிழ்நாட்டில் ‘பரோல்’ என்றால் வேறு பொருள். மரணவீட்டுக்கோ திருமணத்துக்கோ நோயுற்ற பெற்றோரைப் பார்ப்பதற்கோ கிடைக்கும் சில நாள் விடுப்பையே அங்கு அச்சொல்லால் அழைக்கிறார்கள். 19 வயதில் கைதான பேரறிவாளன், 2017இல் நோயுற்ற தந்தையைப் பார்க்க ஒரு மாதம் வெளியே வந்தது அத்தகைய பரோலில்தான். இலங்கையில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. ஒன்று வீட்டு விடுமுறை. மற்றது அனுமதிப்பத்திரத்தின் பேரிலான விடுதலை. பெயர் எதுவாயினும் வெளியே வருபவன் தலையில் வந்து விழும் கேள்வி ஒன்றே: இனி நான் எங்கே போவது, என்ன செய்வது, என்னை யார் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியின் வரலாற்றை அம்பாறைக் கரையோரத்திலிருந்து எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நீதிமன்றச் செய்திகளை எழுதியே முடி நரைத்தவன் நான். தீர்ப்பு வந்த அன்று செய்தி எழுதுவோம். தீர்ப்புக்குப் பிறகான வாழ்க்கையை எழுதுவதில்லை. அந்தக் குறையைச் சிறிதளவேனும் நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு.

ஒரு செருப்புத் தைப்பவரும் ஒரு கப்பற்படை அதிகாரியும்

‘பரோல்’ என்பது பிரெஞ்சுச் சொல். வாக்கு என்று பொருள். போர்க் கைதி, மீண்டும் ஆயுதம் தூக்கேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போவான். அவன் வாக்கே அவனுக்குப் பிணை. இக்கருத்தைச் சிறைக்குள் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் மெக்கோனகி என்ற பிரித்தானியக் கப்பற்படை அதிகாரி. 1840 முதல் 1844 வரை, அவுஸ்திரேலியாவுக்கு அப்பாலுள்ள நோர்போக் தீவின் தண்டனைக் குடியேற்றம் அவர் பொறுப்பில் இருந்தது. கைதியின் உழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் புள்ளிகள் கொடுத்து, அப்புள்ளிகளைக் கொண்டு அவன் தன் விடுதலையைத் தானே சம்பாதிக்க வழிசெய்தார். கொழும்பும் இலண்டனும் அன்றிருந்த மனநிலையில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஆனால் பின்னர் அயர்லாந்தில் வோல்டர் குரொப்டன் அதே கருத்தை ஒரு முறைமையாக வளர்த்தெடுத்தார்.

நன்னடத்தை முறையின் தொடக்கம் இதைவிடவும் எளியது. 1841இல் பொஸ்டன் நகரத்து நீதிமன்றமொன்றில் ஜோன் ஒகஸ்டஸ் என்ற செருப்புத் தைப்பவர், குடிகாரன் ஒருவனுக்குப் பொறுப்பு நின்று அவனை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சில வாரங்களில் ஆள் மாறி வந்து நின்றான். 1859இல் இறக்கும்வரை ஏறத்தாழ 2,000 பேருக்கு இவ்வாறு அவர் பொறுப்பு நின்றார். அரசாங்கச் சம்பளம் ஒரு சதமும் அவர் பெறவில்லை. மசாசுசெட்ஸ் மாநிலம் 1878இலும் இங்கிலாந்து 1907இலும் அதைச் சட்டமாக்கின. ஆங்கிலச் சட்டம் நன்னடத்தை உத்தியோகத்தருக்கு விதித்த கடமை மூன்று: அறிவுரை கூறுதல், உதவுதல், நண்பனாயிருத்தல். சட்டப் புத்தகமொன்றில் நட்பை உத்தியோகக் கடமையாக எழுதிவைத்த நிகழ்வு அபூர்வமானது. அந்த மூன்றாவது கடமையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இலங்கைக்கு வந்த சட்டங்கள்

இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் போர்ஸ்டல் என்றொரு கிராமம். 1902இல் அங்கிருந்த சிறையில் இளைஞர்களைத் தனியே பிரித்துப் பயிற்சியளிக்கும் திட்டம் தொடங்கியது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. 16 முதல் 21 வயதுக்குட்பட்டவன் தொழில் கற்பான். நன்றாக நடந்தால் காலம் முடியுமுன் அனுமதிப்பத்திரத்தில் வெளியே வருவான். வெளியேயும் ஒருவர் அவனைக் கண்காணித்து உதவுவார். மதராஸ் மாகாணம் 1920இல் சிறுவர் சட்டத்தையும், 1925இல் போர்ஸ்டல் பள்ளிகள் சட்டத்தையும், 1936இல் நன்னடத்தைச் சட்டத்தையும் இயற்றிக்கொண்டது. பாளையங்கோட்டைச் சிறை நீண்ட காலம் போர்ஸ்டல் பள்ளியாகவே அறியப்பட்டது.

இலங்கை சற்றுப் பிந்தியது. அரசாங்க சபைக் காலத்தில், 1939இல், இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, இளங் குற்றவாளிகள் (பயிற்சிப் பாடசாலைகள்) கட்டளைச்சட்டம். மற்றது, சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம். இரண்டாவது சட்டத்தின்படி 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவன் சிறுவன். 14க்கும் 16க்கும் இடைப்பட்டவன் அன்று இளம் ஆளாகக் கருதப்பட்டான். அவர்களுடைய வழக்குகளை வளர்ந்தவர்களுடைய வழக்குகளோடு கலவாமல், வேறு இடத்திலோ வேறு நேரத்திலோ விசாரிக்கவேண்டும் என்று அது கூறியது. 1944இல் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச்சட்டம், 42ஆம் இலக்கத்தது, நிறைவேறியது. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஒருவரை நன்னடத்தை உத்தியோகத்தரின் பொறுப்பில் விடலாம் என்றாயிற்று. இச்சேவை முதலில் சிறைச்சாலைத் திணைக்களத்தின் ஒரு கிளையாகவே இயங்கியது. 1956இல் பிரிந்து, நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் என்ற பெயரைப் பெற்றது.

அந்தப் பெயரின் பின்பாதி காலப்போக்கில் முன்பாதியை விழுங்கிவிட்டது என்பது என் கருத்து. அநாதைச் சிறுவர், கைவிடப்பட்ட சிறுவர், மகவேற்பு, சிறுவர் இல்லங்கள் எல்லாம் அதே உத்தியோகத்தர் தலையில் ஏறின. 1987இன் 13ஆவது திருத்தம் இத்துறையை மாகாண சபைகளிடம் கொடுத்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பாதுகாப்புக்கென 2005இல் விசேட சட்டமும் வந்தது. அந்த நாட்களில் நமது பகுதி நன்னடத்தை உத்தியோகத்தர்கள் எத்தனை அகதி முகாம்களை ஏறியிறங்கினார்கள் என்பதை நேரில் கண்டவன் நான். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆயினும் குற்றம் செய்த 18 வயது இளைஞன் அந்தப் பட்டியலின் கடைசியில் நின்றான் என்பதும் உண்மை.

நமது கரையின் வழக்கம்

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் இந்தக் கரையோரத்தில் முஸ்லிம் ஊரும் தமிழூரும் வேலியோடு வேலி உரசிக்கொண்டிருக்கின்றன. கடலும் வயலும் தறியும் இங்குள்ள தொழில்கள். சிறு களவும் கைகலப்பும் பொலிஸ் நிலையம் வரை போகாமல் பள்ளிவாசலில் தீர்ந்த காலம் ஒன்று உண்டு. குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். அவர் முன்னிலையில் விசாரணை நடக்கும், குற்றப்பணம் விதிக்கப்படும், பையனை அவனுடைய குடியிடமே பொறுப்புக் கொடுப்பார்கள். தாய்வழிக் குடி முறையை அக்கரைப்பற்றில் நெடுங்காலம் தங்கி ஆராய்ந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே. இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இந்த முறை பொதுவானது.

இம்முறையைப் பொற்காலமாக நான் சித்திரிக்கவில்லை. ஏழைப் பையனுக்கு விழுந்த அடியும் பணக்காரன் பிள்ளைக்குக் கிடைத்த மன்னிப்பும் எல்லா ஊரிலும் நினைவில் இருக்கின்றன. ஆனால் அதில் ஓர் அம்சம் இருந்தது. தண்டனை முடிந்தபின் பையன் ஊருக்குள்ளேயே இருந்தான். அவனுக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். பொஸ்டன் நகரத்துச் செருப்புத் தைப்பவர் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

குடிமுறையின் மறுபக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். நமது பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. வாப்பா உழைத்துக் கட்டும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மகன் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். எனவே சிறையிலிருந்து திரும்பும் இளைஞன் உண்மையில் எந்த வீட்டுக்குத் திரும்புகிறான்? உம்மாவின் வீட்டுக்கு. அது நாளை தங்கையின் வீடு. தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருக்கும் காலமாயின், திண்ணையில் அவன் உட்கார்ந்திருப்பதே பேச்சைக் குழப்பும். அவனுக்குப் பெண் கொடுப்பார் அரிது. பெண் கிடைக்காவிட்டால் வீடும் இல்லை. குடியேறும் இடத்தின் முகவரியை எழுதுமாறு படிவம் கேட்கிறது. யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ எழுதப்பட்ட படிவம் கல்முனைக் கரையின் இந்தச் சிக்கலை அறியாது.

தூரம் மற்றொரு துன்பம். கல்முனை நீதவான் விளக்கமறியலில் வைக்குமாறு உத்தரவிட்டால் மட்டக்களப்புச் சிறைக்குப் போகவேண்டும். அதுவாவது ஒரு மணித்தியாலப் பேருந்துப் பயணம். இளங் குற்றவாளிகளுக்கான பயிற்சிப் பாடசாலை இருப்பது கம்பஹா மாவட்டத்து வத்துப்பிட்டிவெலவில். இளைஞர் சீர்திருத்த நிலையம் இருப்பது நீர்கொழும்பை அண்டிய பல்லன்சேனையில். தீவின் மறுகரை. ஒரு நாள் கூலியை இழந்து, போக்குவரத்துச் செலவுக்குக் கடன்பட்டுப் போகும் உம்மா, மகனைப் பார்ப்பது சில நிமிடங்கள். தமிழ்மொழிச் சிறுவருக்கென யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் இருந்த சான்றுபெற்ற பாடசாலையும் போரின் வாய்ப்பட்டது. தனக்குப் புரியாத மொழி பேசும் இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டு வரும் பையன், தொழில் கற்றானோ இல்லையோ, ஊரை மறந்துவிட்டு வருகிறான்.

‘புனர்வாழ்வு’ என்ற சொல் வந்த விதம்

1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பின் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். குற்றவியல் நீதி ஆணைக்குழு 1972இல் நிறுவப்பட்டது. பெரும்பாலோர் வழக்கின்றியோ ஒத்திவைக்கப்பட்ட தண்டனையுடனோ வீடு திரும்பினர். அதற்குப் பின், 1980களின் முடிவிலும் 2009இலும், அரசு இளைஞரை வீட்டுக்கு அனுப்பும் பணியை மேலும் இரண்டு முறை செய்தது. 2009இல் சரணடைந்தும் பிடிபட்டும் முகாம்களுக்குள் சென்றவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் 594 பேர் சிறுவர். அதைச் செய்தது நன்னடத்தைத் திணைக்களம் அன்று. புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகம் செய்தது. அதன் தலைமையில் இராணுவ அதிகாரிகள் இருந்தார்கள்.

தொழிற்பயிற்சியும் படிப்பும் சிலருக்குப் பயன்பட்டன என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் முகாமிலிருந்து வந்த பின்னும் வீட்டு வாசலில் புலனாய்வாளர் வந்து நிற்பது நின்றபாடில்லை. அயலவர் ஒதுங்கினர், வேலை கொடுப்போர் தயங்கினர். மேற்பார்வை என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. 1944இன் சட்டத்தில் அது நீதிமன்றம் நியமித்த ஒருவரின் துணை. இப்போது அது ஐயத்தின் நீட்சி.

தமிழ் ஊர்களின் அனுபவமாக இருந்த இது 2019இல் முஸ்லிம் ஊர்களுக்கும் வந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்தன. இறந்தோருள் குழந்தைகளும் இருந்தனர். அந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் ஊரவர்களே. ஆயினும் அதன்பின் கரையோரமெங்கும் கைதுகள் தொடர்ந்தன. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2021 மார்ச்சில் வெளியான ஒழுங்குவிதிகள், தீவிரவாதக் கருத்துக் கொண்டவர் எனக் கருதப்படுபவரை வழக்கு விசாரணையின்றியே ஓராண்டு வரை ‘புனர்வாழ்வுக்கு’ அனுப்ப இடமளித்தன; அதை மேலும் ஓராண்டு நீடிக்கவும் வழி இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்தியது. 2022இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் கூறிற்று. திருத்தப்பட்டு, 2023இன் 2ஆம் இலக்கச் சட்டமாக அது வந்தது.

போதையும் கையெழுத்தும்

இன்று கல்முனை நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் இளைஞரில் பெரும்பாலோர் அரசியலால் வந்தவர்கள் அல்லர். ஹெரோயின், ஐஸ், மாத்திரை. 1984ஆம் ஆண்டின் திருத்தம் 2 கிராம் ஹெரோயினுக்கு மேல் மரண தண்டனை வரை வைத்தது. 2022இன் திருத்தம் ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமைனையும் கடுந்தண்டனைப் பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் நாடெங்கும் பல்லாயிரம் பேர் கைதாயினர். சிறைகள் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பி வழிந்தன. சில்லறையாய் விற்றவன், பாவித்தவன், நண்பனுக்காகச் சட்டைப்பையில் வைத்திருந்தவன் எல்லோரும் ஒரே கூண்டில்.

சிறைக்குப் பதிலான வழி சட்டத்தில் உண்டு. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆவது பிரிவு, குற்றவாளியாக்காமலே எச்சரித்தோ நிபந்தனையிட்டோ விடுவிக்கும் அதிகாரத்தை நீதவானுக்குத் தருகிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையை அறிமுகப்படுத்தியது. சிறைக்குப் போகாமல், ஊரில் இருந்துகொண்டு, பொது இடங்களில் வேலை செய்து, அலுவலரின் மேற்பார்வையில் காலத்தைக் கழிக்கலாம்.

அத்தகைய கட்டளையின் கீழ் இருந்த ஓர் இளைஞனை எனக்குத் தெரியும். பெயரும் ஊரும் வேண்டாம். வயது 20. கடற்றொழிலாளி. பலநாள் படகில் இரண்டு மூன்று வாரம் ஆழ்கடலில் நின்று வருவதே அவனுக்குத் தெரிந்த தொழில். கட்டளையோ வாரந்தோறும் குறித்த நாளில் வந்து கையெழுத்திடச் சொல்கிறது.

“காக்கா, கடலுக்குப் போனா கட்டளைய மீறினவன். கரையில நிண்டா வேலையில்லாதவன். நான் எதுக்குள்ள நிக்கிற?” என்று கேட்டான்.

கரைவலை இழுக்கப் போனான்; பங்குப் பணம் பற்றாது. சிறுபோக அறுவடைக்கு வயலுக்குப் போனான்; இயந்திரம் வந்தபின் அங்கே கூலியாளுக்கு வேலை குறைவு. வேலையற்ற கரையில் பழைய கூட்டாளிகள் தினமும் தேடி வந்தார்கள். அவனைத் தேடி வந்தவர்கள் அவர்கள் மட்டுமே. இரண்டு முறை கையெழுத்துத் தவறியது. அலுவலர் கெட்டவர் அல்லர். அவர் கையில் இருந்தது ஒரு பதிவேடு மட்டுமே. இறுதியில் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவனை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். படகு கரைசேரும் நாட்களைக் கணக்கிட்டு, ஒப்பமிடும் நாட்களை அதற்கேற்ப மாற்றித்தரும்படி விளக்கம் கூறினார். விடயம் நீதிமன்றத்துக்குப் போய்த் திருத்தமாயிற்று. அந்தச் சிறு மாற்றத்துக்கு நான்கு மாதம் பிடித்தது. அவன் கடலுக்குப் போகிறான். குணமாகிவிட்டான் என்று உறுதி கூற என்னால் முடியாது. கடலுக்குப் போகிறான் என்பது மட்டும் நிச்சயம்.

நமது இளைஞரின் அடுத்த வாசல் வளைகுடா நாடுகள். அதற்குப் பொலிஸ் நற்சான்றிதழ் குறுக்கே நிற்கிறது. 18 வயதில் செய்த ஒன்று 28 வயதிலும் அந்தத் தாளில் எழுந்து நிற்கிறது. பிரித்தானியா 1974இலேயே, குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்தவரின் பழைய குற்றப் பதிவைக் காலாவதியானதாகக் கருதும் சட்டத்தை இயற்றியது. சிங்கப்பூரும் சிறு குற்றங்களுக்கு அவ்வாறு செய்தது. 2004இல் அங்கு தொடங்கிய மஞ்சள் நாடா இயக்கம், சிறையிலிருந்து வருவோருக்கு வேலை கொடுக்குமாறு முதலாளிகளையும் பொதுமக்களையும் அழைத்தது. கடும் தண்டனைக்குப் பெயர் போன நாடே அதைச் செய்தது என்பதைக் கவனிக்கவேண்டும். கனடாவில் தமிழ் இளைஞர் குழு மோதல்கள் உச்சமாயிருந்தபோது, 1998இல், டொரன்டோ இளைஞர்களே கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தை ஏற்படுத்தினார்கள். நாடுகடத்தலை மட்டுமே மருந்தாக எண்ணியோர் நடுவில், பேசுவதற்கு ஒரு அண்ணன் வேண்டும் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள்.

செய்யக் கூடியவை

பெரிய திட்டங்களை நான் முன்வைக்கவில்லை. மூன்று விடயங்கள் போதும். முதலாவது, கையெழுத்திடும் நாளும் நேரமும் இளைஞனின் தொழிலோடு பொருந்தவேண்டும். கடலுக்கும் வயலுக்கும் தறிக்கும் தனித்தனி நாட்காட்டி உண்டு என்பதை அலுவலகம் அறியவேண்டும். இரண்டாவது, 1944இன் நன்னடத்தைச் சேவைக்கு ஆளும் வாகனமும் கொடுத்து, இளைஞரின் மேற்பார்வையை ஆயுதம் தரித்தோரிடமிருந்து அதனிடம் திருப்பவேண்டும். நமது கரைக்குக் கிட்டிய இடத்தில், நமது மொழியில் இயங்கும் பயிற்சி நிலையமொன்று அதோடு சேரவேண்டும். மூன்றாவது, இளவயதுக் குற்றப் பதிவு காலாவதியாகும் சட்டம்.

பொறுப்பு நிற்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை. ஜும்ஆவுக்குப் பின் கூடும் நிருவாக சபைகளும், கோயில் வண்ணக்கர்மாரும், மீனவர் சங்கங்களும் தமது ஊரில் திரும்பி வந்திருக்கும் இளைஞர் எத்தனை பேர் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். தண்டனைக் கட்டளைகளை எழுதும் சட்டப் புத்தகங்கள் 2018இல்தான் குற்றப் பொறுப்பு வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தின. 1883இலிருந்து அதற்கு 135 ஆண்டுகள் எடுத்தன. சட்டம் அந்த வேகத்தில்தான் நடக்கும். படகுக்காரப் பையனுக்கு நான்கு மாதமே நீண்டு போயிற்று.